மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை: 2000 ரூபாய்க்குள் என்னென்ன செய்யலாம்?

மாமரத்தடி | அக்டோபர் 3, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இதுதான் முதல் பதிவு.

போன மாசம் கூட வேலை பாக்குற அண்ணன்கிட்ட இருந்து பழைய நிக்கான் டி3200 வாங்கினேன், 18-55 கிட் லென்ஸோட. செங்கல்பட்டு பக்கம் வீடு. பின்னாடி ஒரு மாமரம், அதுல முசுறு எறும்புக் கூடு நாலஞ்சு தொங்குது. இலையை இழுத்துப் பிடிச்சு ஒட்டி அதுங்க கூடு கட்டுறதைப் பக்கத்துல போய் எடுக்கணும்னு ஆசை. கிட் லென்ஸ்ல எவ்வளவு நெருங்கினாலும் எறும்பு ஒரு அரிசி அளவுக்குத்தான் வருது.

சின்னதைப் பெருசா எடுக்குற மேக்ரோ லென்ஸ் விலை பாத்தேன். செகண்ட் ஹேண்ட்லயே என் ஒரு மாசச் சம்பளம் போயிடும். போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் 250 ரூபாய்க்கு வாங்கிப் பாத்தாச்சு. நடுவுல மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் கஞ்சி.

கையில 2000 ரூபா இருக்கு. லென்ஸைத் திருப்பி மாட்டு, குழாய் போடு, பூதக்கண்ணாடி ஒட்டுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எது நிஜமா வேலைக்கு ஆகும்?

கோவைலேத்து | அக்டோபர் 3, இரவு 11.15

திருப்பி மாட்டுங்க தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

லென்ஸ் முன்பக்கம் ஃபில்டர் மாட்டுற மரை இருக்குதல்லங்க, டி3200 கூட வர்ற 18-55ல அது 52 மில்லி. ரிவர்ஸ் ரிங்னு ஒரு வளையம் விக்குது. ஒரு பக்கம் 52 மில்லி மரை, மறுபக்கம் நிக்கான் மவுன்ட். சாதாரணமா லென்ஸ் என்ன பண்ணுது, எதிர்ல இருக்கிற பெரிய உலகத்தைச் சுருக்கிச் சென்சார்ல போடுது. திருப்பி மாட்டினா சின்னதைப் பெருக்கிப் போடும். அவ்வளவுதான் சங்கதி. ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும்.

நான் அதைக்கூட வாங்கலைங்க. உடைஞ்ச யூவி ஃபில்டர் ஒண்ணு கிடந்தது. கேமரா வாயை மூடற பாடி கேப் ஒண்ணை எடுத்து நடுவுல வட்டமா வெட்டி, ஃபில்டர் வளையத்தை அதுமேல அரல்டைட் போட்டு ஒட்டினேன். ஒரு ராத்திரி அசையாம வெச்சா கல்லு மாதிரி நிக்கும். அப்புறம் பட்டறையில நைலான் ராடு மிச்சம் இருந்தப்ப முழுசாவே ஒண்ணு கடைஞ்சுட்டேன். கடையிறவங்களுக்காகச் சொல்றேன், ஃபில்டர் மரைக்கு பிட்ச் 0.75. ஒண்ணுன்னு நினைச்சு மரை போட்டு ஒரு துண்டு வீணாப்போச்சு.

ரெண்டு விஷயம் பாத்துக்கங்க. வெட்டின பிளாஸ்டிக் தூள் ஒரு பொட்டு உள்ள போனாலும் சென்சார்ல உக்காந்துக்கும், அதனால கழுவிக் காயவெச்சு அப்புறம் மாட்டுங்க. அடுத்தது, திருப்பி மாட்டினா லென்ஸோட பின்கண்ணாடிதான் வெளிய நிக்கும். கிளையில இடிச்சா தீந்துது.

இருட்டறை | அக்டோபர் 4, காலை 6.05

கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது.

லென்ஸைத் திருப்புவது புது வித்தை இல்லை. நிக்கானே பிஆர்-2ஏ என்ற பெயரில் 52 மில்லி வளையம் விற்றது. ஃபிலிம் காலத்தில் மோதிரக் கல், தோடு எல்லாம் நகைக்கடைக்காரர்களுக்கு அப்படித்தான் எடுத்துக் கொடுத்தோம்.

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் போடும் கருவி என்லார்ஜர். அதற்கென்று ஒரு லென்ஸ் உண்டு. டிஜிட்டல் வந்து இருட்டறைகளை மூடியபோது பல ஊர்களில் என்லார்ஜர்கள் லென்ஸோடு எடைக்குப் போயின. நெகட்டிவ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தட்டையான பரப்பு. அதை மூலைக்கு மூலை தெளிவாகக் காட்டவே அந்த லென்ஸைச் செய்தார்கள். ஆகவே அருகில் எடுக்க அதைவிட நல்ல கண்ணாடி இந்த விலைக்குக் கிடைக்காது. பெரும்பாலானவற்றில் 39 மில்லி மரை இருக்கும். உங்கள் ஊர்ப் பழைய ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள். பெரியவர் யாராவது பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டது பெருக்கத்தைப் பற்றி. அது மலிவு, முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். வெளிச்சத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும். மிச்சக் காசைத் தொடாமல் வையுங்கள்.

நேர்கோடு | அக்டோபர் 4, காலை 9.30

யாராவது ஒருத்தர் மாத்திச் சொல்லணும், அதனால சொல்றேன். இதெல்லாம் ஒரு வாரத்து விளையாட்டு. ரிவர்ஸ் ரிங்ல ஆட்டோஃபோகஸ் கிடையாது, வெளிச்சம் அளக்குற மீட்டர் கிடையாது, லென்ஸ் ஓட்டையோட அளவு, அதாவது அப்பர்ச்சர், கையில இல்ல. பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவுல நாலு அஞ்சு சென்டிமீட்டர்தான் இடம். உங்க நிழலே அது மேல விழும். ஒரு பட்டாம்பூச்சிகூட உக்காராது.

ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 வாங்குங்க. பெருக்கிக் காட்டுற குட்டி லென்ஸ், பவர் எட்டு டயாப்டர், லென்ஸ் முன்னாடி கிளிப் மாதிரி கவ்விக்கும். 12 சென்டிமீட்டர் தள்ளி நின்னு எடுக்கலாம், ஆட்டோ எல்லாமே வேலை செய்யும். 2000ல வராது, ரெண்டு மாசம் சேத்து வெச்சு வாங்குங்க. அப்புறம் ஒண்ணு: ஒண்ணுக்கு ஒண்ணு, அதாவது பொருள் அளவே சென்சார்லயும் விழுந்தாத்தான் அது மேக்ரோ. மத்ததெல்லாம் குளோஸ்-அப்.

கோவைலேத்து | அக்டோபர் 4, மதியம் 1.10

ரெய்னாக்ஸ் நல்ல சாமான், இல்லைங்கலை. ஆனா அவர்கிட்ட இருக்கிறது 55 மில்லி வரைக்குந்தானுங்க. கணக்குப் போடுங்க. எட்டு டயாப்டர்னா 125 மில்லி குவிய தூரம். 55ஐ 125ஆல வகுத்தா 0.44. பாதி சைஸ்கூட வரலை. 200 மில்லி லென்ஸ் வெச்சிருந்தா 1.6 வரும், அப்ப அது ராஜா. அதுக்கு மொதல்ல அந்த லென்ஸ் வாங்கணுமே.

ரெண்டு மாசம் சேக்கறதுக்குள்ள மழை முடிஞ்சு பூச்சியும் போயிருமுங்க.

நேர்கோடு | அக்டோபர் 4, மதியம் 1.25

அந்தக் கணக்கு சரி. 55ன்னு கவனிக்கல. பட்டாம்பூச்சி விஷயத்துல நான் சொன்னது நிக்கும்.

சும்மாபாக்கவந்தேன் | அக்டோபர் 4, மாலை 4.50

கேமராவே இல்லாதவங்களுக்கு: பழைய டிவிடி டிரைவைப் பிரிச்சா, தட்டைப் படிக்கிற இடத்துல பட்டாணியில பாதி அளவுக்கு ஒரு லென்ஸ் இருக்கும். ஹேர்பின்ல செருகி, போன் கேமரா மேல செல்லோடேப் போட்டு ஒட்டுங்க. லென்ஸ் பொருளைத் தொடுற அளவுக்குப் போகணும், உயிருள்ள பூச்சிக்கு ஆகாது. உப்பு, சர்க்கரை, நோட்டுல இருக்கிற சின்ன எழுத்து எல்லாம் அசத்தலா வரும். பிரிக்கும்போது டிரைவுக்குக் கரண்ட் கொடுத்துப் பாக்காதீங்க, லேசர் கண்ணுல அடிச்சா போச்சு.

வாட்ச் ரிப்பேர் கடையில கண்ணுல செருகிக்கிற லென்ஸும் போனுக்கு நல்லா இருக்கும். பத்து மடங்குன்னு போட்டிருந்தா குவியம் 25 மில்லி, டிவிடி லென்ஸைவிட மூச்சு விட இடம் இருக்கும்.

மாமரத்தடி | அக்டோபர் 9, இரவு 11.05

ரிங் வந்துடுச்சு. 280 ரூபா. மாட்டினேன். ரெண்டு பிரச்சினை.

ஒண்ணு, ஸ்கிரீன்ல எஃப் பக்கத்துல ரெண்டு கோடு வருது, ஷட்டர் அமுக்கினா கிளிக் ஆகவே மாட்டேங்குது. ரெண்டாவது, வியூஃபைண்டர் கும்மிருட்டு. பகல்ல ட்யூப்லைட் போட்டுப் பாத்தாலும் எதுவும் தெரியல. ரிங் டூப்ளிகேட்டா?

வடலி | அக்டோபர் 9, இரவு 11.40

ரிங்கில பிழையில்லை தம்பி. யாழ்ப்பாணத்தில என்னட்டையும் இதே கமராதான், இதே இழவு நானும் பட்டனான்.

கமராவுக்கு லென்ஸ் இருக்கிறதே விளங்காது, அதுதான் அந்த ரெண்டு கோடு. மோட் டயலை எம்முக்கு, அதுதான் மேனுவலுக்குத் திருப்புங்கோ, கிளிக் பண்ணும். மீட்டர் வேலை செய்யாது. எடுத்துப் பார்த்துத்தான் கூட்டிக் குறைக்க வேணும்.

இருட்டுக்குக் காரணம் வேற. இப்ப வெளியில நிக்கிற லென்ஸின்ர பின்பக்கத்தை வடிவாப் பாருங்கோ. ஓரத்தில ஒரு சின்ன உலோக நெம்பு இருக்கும். கமராவில மாட்டியிருக்கேக்க கமரா அதைத் தள்ளித் திறந்து வைச்சிருக்கும். கழட்டின உடன அது தன்ரபாட்டில முழுக்க மூடிக்கொள்ளும். ஒரு நெருப்புக்குச்சியைச் சீவி அந்த நெம்புக்குப் பக்கத்தில செருகுங்கோ. கண்ணாடிக்குள்ள பார்த்துக்கொண்டு, ஓட்டை பாதியளவு திறந்து நிக்கிற இடத்தில விடுங்கோ. கிட்டத்தட்ட எஃப் 8 வரும். எஃப் எண் கூடினால் ஓட்டை சின்னன். முழுசாத் திறந்தால் எறும்பின்ர ஒரு மயிர்தான் தெளிவா இருக்கும்.

கனன் வைச்சிருக்கிறவைக்கு இந்தக் குச்சி வேண்டாம். அதில அப்பர்ச்சர் மின்சாரத்தில ஓடுது. லென்ஸை நேராப் போட்டு, எஃப் 8 வைச்சு, டெப்த் பிரிவியூ பொத்தானை அமத்திப் பிடிச்சுக்கொண்டே கழட்டினால் அப்பிடியே நிண்டுவிடும்.

மாமரத்தடி | அக்டோபர் 10, காலை 7.20

தீக்குச்சி வேலை செய்யுது!! ரொம்ப நன்றி அண்ணா.

வடலி | அக்டோபர் 10, காலை 7.45

அண்ணா இல்லை, அக்கா. பள்ளிக்கூடத்தில உயிரியல் படிப்பிக்கிறன்.

முதல்ல ஒரு ஸ்டீல் அடிமட்டத்தைப் படமெடுத்துப் போடுங்கோ. எத்தினை மில்லி தெரியுதெண்டு பார்த்தால் பெருக்கம் என்னெண்டு விளங்கும். உங்கட சென்சார் 23.2 மில்லி அகலம்.

மாமரத்தடி | அக்டோபர் 11, இரவு 9.30

மன்னிச்சுக்கங்க அக்கா.

ஸ்கேல் படம் போட்டிருக்கேன். ஜூம் 55ல வெச்சா கம்மியா வருது. 35 கிட்ட வெச்சா 19 மில்லி தெரியுது, அப்போ 1.2 மடங்குதானே? 18க்குப் போனா என்ன தெரியுதுன்னே புரியல, மூச்சு விட்டாலே படம் ஓடிப்போயிடுது. ஃபோகஸ் ரிங்கைத் திருகினாலும் பெருசா எதுவும் மாறல, உடம்பை முன்னயும் பின்னயும் ஆட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கு.

அடுத்த படம் மாமரத்துல எடுத்தது. காலைல எட்டு மணி, நல்ல வெயில். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/60. எறும்பு இருக்கிற இடத்துல ஒரு செவப்புத் தீற்றல்தான் இருக்கு. நாப்பது படத்துல இதுதான் தேறினது. நேர்கோடு சொன்னதுதான் சரியோன்னு தோணுது.

நேர்கோடு | அக்டோபர் 11, இரவு 9.50

அப்படிச் சொல்லிட்டுப் போக இப்போ எனக்கே மனசு வரல. இருட்டறை ஐயா என்ன சொல்றார்னு பாப்போம்.

இருட்டறை | அக்டோபர் 12, காலை 5.50

தம்பி, தீற்றல் வந்தது உங்கள் கையின் குற்றமில்லை. கணக்கைப் பாருங்கள்.

நீங்கள் அப்பர்ச்சரை எஃப் 8ல் நிறுத்தியிருக்கிறீர்கள். பெருக்கம் கூடக் கூட வெளிச்சம் பரந்து நீர்த்துப்போகும். பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதால் எஃப் எண்ணைப் பெருக்கினால் உண்மையான எண் வரும். 8ஐ 2.2ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய எஃப் 18. இரண்டு மடங்குப் பெருக்கத்தில் அதே எஃப் 8, எஃப் 24 ஆகிவிடும். நல்ல வெயிலென்றாலும் மாமரத்தடியில் நிழல்தானே. அங்கே எஃப் 18ல் ஓடுகிற எறும்பைப் பிடிக்க முடியாது.

எஃப் 4 வரை திறந்தால் வெளிச்சம் வரும், தெளிவு போய்விடும். இப்போதே உங்களுக்குக் கிடைக்கும் தெளிவின் ஆழம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். எறும்பின் தலைகூட முழுதாக அதற்குள் அடங்காது. எனவே அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். இதற்கு மேல் மூடினாலும் ஒளி விளிம்பில் சிதறிப் படம் மொத்தமும் மழுங்கும்.

மிச்சம் இருப்பது ஃபிளாஷ் ஒன்றுதான். உங்கள் கேமராவின் தலையிலேயே ஒன்று இருக்கிறது. மெனுவில் உள் ஃபிளாஷை மேனுவலுக்கு மாற்றி 1/8ல் தொடங்குங்கள். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. படத்தை ஃபிளாஷ் மட்டும்தான் எழுதும். சக்தியைக் குறைத்தால் அது மின்னும் நேரமும் குறையும், ஷட்டரைவிட எத்தனையோ மடங்கு வேகமாக அணைந்துவிடும். கை நடுக்கமும் எறும்பின் ஓட்டமும் அதில் உறைந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிக் கேமரா தலையில் செருகிவிடாதீர்கள். சிலவற்றின் காலில் 200, 300 வோல்ட் நிற்கும். நிக்கான் கையேடே 250 வோல்ட்டைத் தாண்டினால் கேமரா கெடும் என்கிறது. மல்டிமீட்டர் வைத்து அளக்காமல் எதையும் செருகக் கூடாது. பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும்.

பழையஇரும்பு | அக்டோபர் 12, காலை 10.15

ஐயா சொல்றது என் கதை. காயலான் கடையில 150 ரூபாய்க்கு ஒரு ஃபிளாஷ், ஆசையா வாங்கி மாட்டினேன். ரெண்டு தடவை மின்னுச்சு. மூணாவது தடவை கேமரா செத்துப்போச்சு. ரிப்பேர் செலவுல புது ஃபிளாஷ் நாலு வாங்கியிருக்கலாம்.

மாமரத்தடி | அக்டோபர் 13, இரவு 10.50

உள் ஃபிளாஷ் போட்டேன். எறும்பு கல்லு மாதிரி நிக்குது, மீசையில இருக்கிற முடி வரைக்கும் தெரியுது! ஆனா பார்க்க அசிங்கமா இருக்கு. தலைல பளீர்னு வெள்ளைப் பொட்டு, கீழ்ப் பாதி ஒரே கறுப்பு. லென்ஸ் நிழலும் விழுது.

கோவைலேத்து | அக்டோபர் 13, இரவு 11.20

வெளிச்சத்தை முன்னாடி கொண்டு வந்து பரப்பணுமுங்க. வட்டமா நீளமா வர்ற சிப்ஸ் டப்பா ஒண்ணு காலி பண்ணுங்க, நல்ல காரணம் கிடைச்சிருக்கு. உள்ளே ஏற்கனவே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். ஒரு முனையைச் சரிவா வெட்டி ஃபிளாஷ் மேல செருகுங்க, மறுமுனை லென்ஸ் நுனிக்கு மேல கீழ்நோக்கிப் பாக்கணும். அந்த வாயில வெள்ளையா ஏதாச்சும் கட்டுங்க. நான் பால் கவர் கட்டறேன்.

நேர்கோடு | அக்டோபர் 13, இரவு 11.35

பால் கவர் வேண்டாம். நீல பிரிண்ட் வழியா வெளிச்சம் வந்து படமே ஜுரம் வந்த மாதிரி இருக்கும். பட்டர் பேப்பர் போடுங்க.

கோவைலேத்து | அக்டோபர் 13, இரவு 11.40

பிரிண்ட் இல்லாத ஓரத்தை வெட்டி எடுக்கணுமுங்க, முழு கவரையும் யாரு கட்டச் சொன்னது. பட்டர் பேப்பர் மழையில நனைஞ்சா தோசை மாதிரி ஒட்டிக்கும்.

வடலி | அக்டோபர் 14, காலை 6.30

புது டிவி சுத்தி வாற மெல்லிய வெள்ளை ஃபோம் இருக்கெல்லோ, அதுதான் எல்லாத்திலும் திறம். நனையாது, நிறம் மாறாது, கத்தரிக்கோலால வெட்டலாம். என்னோடது நாலு வருஷமா இருக்கு.

எதைக் கட்டினாலும் அது பூச்சிக்கு எவ்வளவு கிட்ட, எவ்வளவு பெரிசு எண்டதுதான் முக்கியம். எறும்பு மேல நிண்டு அண்ணாந்து பார்த்தால் வானம் முழுக்க வெள்ளையாத் தெரிய வேணும், அப்பதான் அந்தப் பொட்டு கரையும். தூரத்தில எவ்வளவு பெரிய ஃபோம் கட்டினாலும் எறும்புக்கு அது ஒரு பல்புதான். நாலு சென்டிமீட்டர்தான் இடமெண்டு ஒருத்தர் குறை சொன்னவர், வெளிச்சத்துக்கு அதுதான் நல்லது. அவ்வளவு கிட்டக் கொண்டுபோகலாம்.

கீழ்ப்பக்கக் கறுப்புக்கு ஒரு வெள்ளைத் தெர்மக்கோல் துண்டை இலைக்குக் கீழ பிடியுங்கோ.

நேர்கோடு | அக்டோபர் 14, காலை 9.05

இதை நான் யோசிச்சதே இல்ல. ரெய்னாக்ஸ்ல வெளிச்சத்தைப் பரப்ப நான் கட்டுற டிஃப்யூசர் ஏன் போதவே மாட்டேங்குதுன்னு இப்போ புரியுது.

சும்மாபாக்கவந்தேன் | அக்டோபர் 14, மாலை 6.10

பிவிசி குழாய் பத்தி யாரும் சொல்லலையே? பாடி கேப்பையும் லென்ஸ் பின்மூடியையும் வெட்டி நடுவுல குழாய்த் துண்டு ஒட்டினா, லென்ஸைக் கேமராவுல இருந்து தள்ளி வைக்கிற எக்ஸ்டென்ஷன் ட்யூப்.

கோவைலேத்து | அக்டோபர் 14, இரவு 8.00

ஆகும். 50 மில்லி லென்ஸுக்கு 50 மில்லி குழாய் போட்டா ஒண்ணுக்கு ஒண்ணு, 25 போட்டா பாதி. 50 மில்லி லென்ஸ் இருக்கறவங்களுக்குத்தான் லாபம். குழாய்க்குள்ள கரும்பலகை பெயிண்ட் அடிங்க, இல்லைன்னா கறுப்பு வெல்வெட் பேப்பர் ஒட்டுங்க. சும்மா விட்டா உள்சுவர்ல வெளிச்சம் பட்டு, படம் மொத்தமும் பனி மூடின மாதிரி வெளுத்துடும். நான் முதல்ல லென்ஸ்தான் பூசணம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன்.

மாமரத்தடி | அக்டோபர் 18, மாலை 5.40

பக்கத்து வீட்டுல டிவி வாங்கியிருந்தாங்க, ஃபோம் கேட்டு வாங்கிட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க, எறும்புக்குன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாங்க.

மூணு படம் போட்டிருக்கேன். முதல் ரெண்டு கூடு ஓரத்துல எடுத்த முசுறு. பொட்டு போயிடுச்சு, உடம்பு தேன் கலர்ல மின்னுது. மூணாவது கூட்டுக்கு ஒரு அடி தள்ளி ஒரு இலையில தனியா நின்ன எறும்பு. ரொம்ப நேரம் அசையாம நின்னுச்சு, அதனால கொஞ்சம் பக்கவாட்டுலயும் எடுக்க முடிஞ்சுது. என்னைப் பாத்ததும் திரும்பிப் பாத்துச்சு. எறும்பு அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல.

கோவைலேத்து | அக்டோபர் 18, மாலை 6.00

அட்டகாசமுங்க! அந்த மூணாவதை வால்பேப்பர் வெச்சுக்கிட்டேன்.

இருட்டறை | அக்டோபர் 18, இரவு 7.15

இரண்டாவது படத்தில் வெளிச்சம் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு செலவாயிற்று?

மாமரத்தடி | அக்டோபர் 18, இரவு 7.30

ரிங் 280, சிப்ஸ் டப்பா 100. ஃபோம் சும்மா. 380 ரூபா ஐயா.

வடலி | அக்டோபர் 18, இரவு 8.20

தம்பி, மூண்டாவது படத்தைப் பெரிசாக்கிக் கால்களை எண்ணுங்கோ.

மாமரத்தடி | அக்டோபர் 18, இரவு 8.35

ஆறு. முன்னாடி ரெண்டு மீசை.

வடலி | அக்டோபர் 18, இரவு 8.40

அந்த மீசையைத் திரும்பப் பாருங்கோ. முசுறின்ர மீசை நடுவில முழங்கை மாதிரி மடியும். இது கால் மாதிரி மூட்டு மூட்டாப் போகுது, நுனி கறுப்பு. பக்கத்தில பெரிய கறுப்புக் கண் மாதிரி இருக்கிறது வெறும் புள்ளி. முகத்துக்கு நேர முன்னால பாருங்கோ, ரெண்டு பெரிய வட்டக் கண், பக்கத்தில ரெண்டு சின்னன்.

மாமரத்தடி | அக்டோபர் 18, இரவு 8.52

ஐயோ. எட்டுக் கால்.

சிலந்தியா??

வடலி | அக்டோபர் 18, இரவு 9.10

ஓம். எறும்பு வேஷம் போடுற தாவுற சிலந்தி, மிர்மப்ளாட்டா பிளாட்டலியாய்டிஸ். முந்தி மிர்மராக்னே எண்ட பேரில இருந்தது. முசுறைப் பார்த்துத்தான் வேஷம். சிலந்திக்குத் தலையும் நெஞ்சும் ஒண்டாத்தான் இருக்கும், இவருக்கு அதில ஒரு இடுக்கு விழுந்து ரெண்டாப் பிரிஞ்ச மாதிரித் தெரியும். முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டு திரிவார்.

எறும்பைத் தின்னத்தான் வேஷமெண்டு நினைக்காதேங்கோ, எறும்பு கிட்ட வந்தால் விலகி ஓடுவார். முசுறு கடிக்குமெண்டு பறவையும் குளவியும் அதைத் தொடாது. அந்தப் பயத்தை இவர் கடன் வாங்கியிருக்கிறார். உங்களைத் திரும்பிப் பார்த்தது அதாலதான். எறும்புக்கு நீங்கள் ஒரு நிழல், தாவுற சிலந்திக்கு உங்கட உருவம் தெரியும்.

எங்கட வளவில நாலு வருஷம் தேடி ரெண்டு தரம்தான் கண்டனான். நீங்கள் 380 ரூபாயில.

நேர்கோடு | அக்டோபர் 18, இரவு 9.30

நானும் எறும்புன்னுதான் பாத்தேன். பெரிய படமாப் போட்டு ரெண்டு நிமிஷம் பாத்தும்.

பழையஇரும்பு | அக்டோபர் 19, காலை 11.00

அடுத்த தடவை பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வெச்சிட்டு எடுங்க. குளிர்ல அசையாது. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. ஃபோகஸை நகத்தி நகத்தி இருபது படம் எடுத்து, கம்பைன்இசட்பி மாதிரி இலவச மென்பொருள்ல அடுக்கினா தலையிலிருந்து கால் வரைக்கும் தெளிவு. கேமராவை நகத்த டிராயர் சேனல் ஒண்ணு போதும், ஹார்டுவேர் கடையில கிடைக்கும்.

வடலி | அக்டோபர் 19, மதியம் 12.40

அடுக்கிறதுக்கு நான் எதிரில்லை. ஃப்ரிட்ஜுக்கு எதிர். சில பூச்சி திரும்ப எழும்பாது, எழும்பினாலும் காலை மடக்கின பிணம் மாதிரித்தான் படத்தில இருக்கும். செத்துக் கிடக்கிற வண்டு, பூவிதழ், காசு, இதுகளை இருபது படம் அடுக்குங்கோ.

இருட்டறை | அக்டோபர் 19, மாலை 4.30

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். 1665இல் வெளிவந்த தன் புத்தகத்துக்காக ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து எறும்பை வரைய உட்கார்ந்தார். அது ஓடிக்கொண்டே இருந்தது. பிராந்தியில் போட்டார். போதையில் விழுந்தது, வரைந்துகொண்டார். வெளியே எடுத்து வைத்தால் சில சமயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடந்துவிட்டுத் திடீரென்று எழுந்து ஓடும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். பூச்சிக்குப் பிராந்தி வாங்கவும் நம் தம்பிக்கு இன்னும் 1620 ரூபாய் மிச்சம் இருக்கிறது.

வடலி சொல்வதே சரி. விடியற்காலையில் போங்கள். இரவுக் குளிரில் உறைந்த பூச்சிக்கு வெயில் ஏறும்வரை ஓடத் தெம்பு இருக்காது. ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையைப் பனியே செய்துவிடும். மழை விட்ட மறுநாள் தரையையும் பாருங்கள், சிவப்பு வெல்வெட் போல ஊரும் பட்டுப்பூச்சி வரும். சங்கப் பாட்டில் ஈயல் மூதாய் என்று வருவது அதுதான் என்பார்கள். சிவப்பு மட்டும் கவனம், ஃபிளாஷ் கொஞ்சம் கூடினாலும் அந்த வெல்வெட் மயிரெல்லாம் ஒரே சாயமாக அப்பிவிடும். 1/32 போதும்.

மாமரத்தடி | அக்டோபர் 26, காலை 8.15

ஆறு மணிக்குப் போனேன். மூணு நாள் தேடி அதே மரத்துல இன்னொண்ணு கிடைச்சுது. இது வேற மாதிரி, வாயில இன்னொரு எறும்பைத் தூக்கிட்டுப் போற மாதிரி நீளமா இருக்கு. ஒரே படம்தான் எடுத்தேன், அதுக்குள்ள நூல் விட்டுக் கீழ இறங்கிப் போயிடுச்சு. நான் குனிஞ்சு பாத்தப்போ நிஜ முசுறு காலர் வழியா உள்ள போயி முதுகுல அஞ்சு இடத்துல கடிச்சு வெச்சுருச்சு.

வடலி | அக்டோபர் 26, காலை 8.50

அது ஆண். தூக்கிக்கொண்டு போறது எறும்பில்லை, அவற்ற தாடை. பெட்டைக்கு அப்பிடி இருக்காது. ரெண்டும் ஒரே மரத்தில இருக்கெண்டால் கிட்டடியில நூல் கூடும் இருக்கும். இலை மடிஞ்சிருக்கிற இடங்களைப் பாருங்கோ.

படத்தில தாடைதான் தெளிவு, கண் மங்கல். நாளைக்கு ஒருக்காப் போங்கோ.

மாமரத்தடி | அக்டோபர் 26, காலை 9.05

நாளைக்குக் காலை ஷிஃப்ட் அக்கா. புதன்கிழமை போறேன். முழுக்கை சட்டை போட்டுட்டு.